நீச்சல் ரத்தான ட்ரையத்லான் கணக்கில் சேருமா?

எட்டு மாதம் பயிற்சி எடுத்து உங்கள் முதல் ஒலிம்பிக் தூர ட்ரையத்லானுக்குப் போயிருக்கிறீர்கள்: 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம், ஒன்றன்பின் ஒன்றாக. விடியற்காலையில் சைக்கிளை ரேக்கில் மாட்டிவிட்டு, தலையில் நீச்சல் தொப்பியோடு கரையில் நின்றபோது மைக்கில் அறிவித்துவிட்டார்கள்: காற்று பலமாக இருப்பதால் இன்று நீச்சல் கிடையாது, அதற்குப் பதில் 5 கிலோமீட்டர் ஓட்டம், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். மழையில் ஓடி முடித்து மெடலும் வாங்கிவிட்டீர்கள். இப்போது மூன்று விஷயம் கேட்கிறீர்கள். கரையிலிருந்து பார்த்தால் அலை அப்படியொன்றும் பெரிதாகத் தெரியவில்லையே, அமைப்பாளர்கள் தேவைக்கு மேல் பயந்துவிட்டார்களா? இதை ட்ரையத்லான் முடித்ததாகச் சொல்லிக்கொள்ளலாமா? அடுத்த முறையும் இப்படி நடந்தால் எப்படிப் போட்டியிடுவது? மூன்றுக்கும் அடியில் இன்னொன்றும் கேட்கிறது. அந்த எட்டு மாதத்தில் பாதி, தண்ணீரைக் கண்டு பயப்படாமல் இருக்கக் கற்றுக்கொள்வதிலேயே போனது என்று எழுதியிருக்கிறீர்களே, அது வீணா என்பதுதான் உண்மையான கேள்வி.

பதினான்கு வருடமாக இந்த விளையாட்டில் இருக்கிறேன். முதலில் போட்டியாளன், பிறகு பயிற்சியாளன், நடுநடுவே போட்டி நாட்களில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் உட்கார்ந்து நீச்சல் பாதுகாப்புப் பணி. மருத்துவன் இல்லை. உங்கள் போட்டி நடந்த அன்று அந்தக் கரையில் நான் இல்லை என்பதால் அந்த ஒரு முடிவு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அப்படி முடிவெடுப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் சொல்ல முடியும்.

கரையில் நிற்பவர் பார்ப்பது ஒன்று, கயாக்கில் இருப்பவர் பார்ப்பது வேறு. கயாக்கில் உட்கார்ந்தால் நம் கண் தண்ணீர் மட்டத்திலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அரை மீட்டர் அலை அடித்தாலே போதும், நீந்துகிறவரின் ஆரஞ்சுத் தொப்பி அலை உச்சியில் ஒரு நொடி தெரியும், அடுத்த பள்ளத்தில் காணாமல் போய்விடும். என் பொறுப்பில் முப்பது பேர் என்றால் எந்த நேரத்தில் எண்ணினாலும் பதினைந்து, பதினாறு தொப்பிதான் கண்ணில் படும். மீதிப் பேர் பள்ளத்தில் இருக்கிறார்களா, அடியில் போய்விட்டார்களா என்று அடுத்த அலை வரும்வரை தெரியாது. அந்த இரண்டு மூன்று நொடி எப்படி இருக்கும் என்று அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் விளங்கும். நீரில் மூழ்குகிறவர் கை தூக்கிக் கத்துவார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராது, தலை பின்னால் சாய்ந்து வாய் தண்ணீர் மட்டத்தில் நிற்கும், அவ்வளவுதான். காற்று பலமாக இருந்தால் கயாக் ஒரே இடத்தில் நிற்காது, நீச்சல் பாதையைக் காட்டும் மிதவைகளும் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு நகரும். உங்களால் நீந்த முடிந்திருக்கலாம். அமைப்பாளர் கேட்டுக்கொண்ட கேள்வி அது இல்லை. பின்னால் வருகிற, பயிற்சி குறைந்த ஐம்பதாவது ஆளுக்கு ஏதாவது ஆனால் ஒரு நிமிடத்துக்குள் அவரிடம் போய்ச் சேர முடியுமா என்பதுதான் அவர் கேள்வி.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை ட்ரையத்லான்களில் நடந்த உயிரிழப்புகளையும் திடீர் இதய நிறுத்தங்களையும் திரட்டி 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. மொத்தம் 135 பேர், அவர்களில் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சலின்போது. மூன்றில் இரண்டு பங்கு. போட்டி நேரத்தில் மிகக் குறைந்த பகுதியை எடுத்துக்கொள்வது நீச்சல்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஏன் நீச்சலில் இவ்வளவு என்பது அந்த அளவு உறுதியான விஷயம் கிடையாது. முன்பே இருந்த இதயக் கோளாறு சிலருக்குப் பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. குளிர்ந்த நீரில் சட்டென இறங்கும்போது வரும் மூச்சுத் திணறல், கூட்டத்தில் அடிபடும் பதற்றம், முதல் நூறு மீட்டரில் எல்லோரும் காட்டும் வேகம் என்று பல காரணம் சொல்லப்படுகிறது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கெட்ட வானிலை இவற்றில் எதையும் குறைக்காது, எல்லாவற்றையும் கூட்டும். அதனால்தான் மூன்றில் ஒன்றை வெட்ட வேண்டும் என்றால் முதலில் நீச்சலில் கை வைக்கிறார்கள்.

எண் வைத்து முடிவெடுக்கும் விஷயங்களும் இருக்கின்றன, கண்ணால் பார்த்து முடிவெடுக்கும் விஷயங்களும் இருக்கின்றன. நீரின் வெப்பநிலைக்கு எண் உண்டு. போட்டி தொடங்க ஒரு மணி நேரம் முன்பு, 60 சென்டிமீட்டர் ஆழத்தில், பாதையின் சில இடங்களில் அளந்து, அதில் குறைந்ததையே கணக்கில் எடுப்பார்கள். 12 டிகிரிக்குக் கீழே போனால் உலக ட்ரையத்லான் அமைப்பின் விதிப்படி நீச்சல் கிடையாது. இடி மின்னலுக்கும் ஒரு நடைமுறை உண்டு. மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் அது சுமார் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே தண்ணீரைக் காலி செய்ய வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் போகும்வரை யாரும் இறங்கக் கூடாது. நீரின் சுத்தத்துக்கும் எண் உண்டு, அதற்கு வருகிறேன். காற்றுக்கும் அலைக்கும் மட்டும் அப்படி ஒரே எண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதில்லை. காற்று கரையை நோக்கி வீசுகிறதா, கரையிலிருந்து உள்ளே தள்ளுகிறதா, எத்தனை படகு இருக்கிறது, எத்தனை பேர் புதியவர்கள் என்று எல்லாவற்றையும் வைத்து ஒரு மனிதர் முடிவெடுக்கிறார். ஆகவே இன்னொருவர் அதே காலையில் வேறு முடிவு எடுத்திருக்கவும் கூடும். உங்கள் சந்தேகத்துக்கு இடம் உண்டு என்று சொல்கிறேன். ஆனால் இரண்டு பக்கமும் தவறு நடக்கலாம் என்றால், நீங்கள் வருத்தத்தோடு வீடு திரும்புகிற பக்கத்துத் தவறையே நானும் தேர்ந்தெடுப்பேன்.

நீரின் சுத்தம் எப்படிப் போட்டியைப் புரட்டிப் போடும் என்பதற்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கைவிட நல்ல உதாரணம் இல்லை. பாரிஸின் பழைய பகுதிகளில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே குழாய்தான். பெருமழை பெய்தால் குழாய் நிரம்பி வழிந்து சீன் நதியில் கலக்கும். அதைச் சமாளிக்க ஆஸ்டர்லிட்ஸ் பகுதியில் 50,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள நிலத்தடித் தொட்டியெல்லாம் கட்டினார்கள். ஆனாலும் தொடக்க விழா நடந்த ஜூலை 26 இரவிலும் மறுநாளும் கொட்டிய மழையில் கணக்கு தவறிவிட்டது. கழிவுநீர் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியாக்களுக்கு, நூறு மில்லிலிட்டருக்கு ஈ.கோலை 1000, என்டெரோகாக்கை 400 என்பவை எல்லை. ஜூலை 28, 29 இரண்டு நாளும் நதியில் பயிற்சி ரத்து. 30ஆம் தேதி நடக்க வேண்டிய ஆண்கள் போட்டியை அன்று விடியற்காலையில்தான் தள்ளிவைத்தார்கள். நான்கு வருடம் அந்த ஒரு காலைக்காக உழைத்தவர்கள் எழுந்ததும் கேட்ட செய்தி அது. நீர் சரியாகாவிட்டால் நீச்சலை விட்டுவிட்டு ஓட்டம், சைக்கிள், ஓட்டம் என்ற டூயத்லானாக நடத்துவது என்ற மாற்றுத் திட்டமும் தயாராக இருந்தது. மாதிரி எடுத்து ஆய்வகத்தில் வளர்த்து முடிவு வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும் என்பதால் இன்றைய நதியைப் பற்றிய முடிவை நேற்றைய நதியை வைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. கடைசி நேர அறிவிப்பு என்று நாம் கோபப்படும்போது இதை யோசிப்பதில்லை. கடைசியில் 31ஆம் தேதி காலை 8 மணிக்குப் பெண்களும் 10:45க்கு ஆண்களும் நீந்தினார்கள். நீரோட்டம் பலமாக இருந்ததால் எதிர்த்து நீந்த வேண்டிய பகுதியில் கரைச்சுவரை ஒட்டியே ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். பெண்கள் போட்டியில் சாலை ஈரமாக இருந்து கல் பாவிய இடங்களில் பலர் சறுக்கி விழுந்தார்கள். பிரான்ஸின் கஸாண்ட்ர் போக்ராண்ட் தங்கம் வென்றது அந்த ஈரத்தில்தான்.

இப்போது, கணக்கில் சேருமா என்ற கேள்வி. நியூசிலாந்தின் டௌபோ ஏரிக்கரையில் வருடா வருடம் அயர்ன்மேன் என்ற நெடுந்தூர ட்ரையத்லான் நடக்கிறது. 2006இல் காற்று காரணமாக நீச்சலை ரத்து செய்து, சைக்கிளையும் ஓட்டத்தையும் பாதியாகக் குறைத்தார்கள். 2012இல் புயல் எச்சரிக்கை வந்து, சனிக்கிழமைப் போட்டியை ஞாயிறுக்குத் தள்ளி மொத்தத் தூரத்தையும் பாதியாக்கினார்கள். அந்த 2012 போட்டியை வென்ற மார்கோ ஆல்பெர்ட்டும் மெரிடித் கெஸ்லரும் இன்றைக்கும் வெற்றியாளர் பட்டியலில் இருக்கிறார்கள். யாரும் அவர்கள் பெயரை அடைப்புக்குறிக்குள் போடவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முந்தைய ஒத்திகையாக 2019 ஆகஸ்டில் நடந்த பெண்கள் போட்டியில், வெயில் தாங்காது என்று 10 கிலோமீட்டர் ஓட்டத்தை 5 ஆகக் குறைத்தார்கள். அந்த முடிவை வைத்தே சில நாடுகள் ஒலிம்பிக் இடங்களை முடிவு செய்யவிருந்தன. அன்றைய நிலைமைக்கு எல்லோரும் ஒரே கோட்டில் நின்று தொடங்கினார்கள், அதனால் அது போட்டி.

ஆனால் இதை வைத்து உங்களைச் சமாதானப்படுத்திவிட்டு நகர மாட்டேன். என்னிடம் பயிற்சி எடுப்பவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் அன்று முடித்தது டூயத்லான். யாராவது கேட்டால், "ட்ரையத்லானுக்குப் போனேன், காற்றால் நீச்சலை எடுத்துவிட்டார்கள், ஓட்டம்–சைக்கிள்–ஓட்டமாக முடித்தேன்" என்று முழுதாகச் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தில் குறைவாக எதுவும் இல்லை. மழையில் 55 கிலோமீட்டர் அது. 1.5 கிலோமீட்டர் நீந்தியதாகச் சொல்லிக்கொள்வது உங்களுக்கே உறுத்தும், அந்த உறுத்தல் நியாயமானது. நேரத்தையும் மற்ற ட்ரையத்லான் நேரங்களோடு ஒப்பிட வேண்டாம்.

பயிற்சி வீணா என்பதற்கு என்னால் கொஞ்சம் உறுதியாகவே பதில் சொல்ல முடியும். நீச்சலில் வளர்த்த மூச்சுத் திறன் முழுதாக ஓட்டத்துக்கு வராது, கால் தசைகள் வேறு. ஆனால் தண்ணீர் பயம் போனது போனதுதான், அது போட்டி ரத்தானதால் திரும்பி வராது. வாரம் இரண்டு முறையாவது நீந்திக்கொண்டிருந்தால் நீங்கள் சேர்த்ததில் பெரும்பகுதி சில மாதங்களுக்கு அப்படியே இருக்கும்.

அடுத்த முறைக்கு வருவோம். நீச்சல் போய் ஓட்டம் வந்தால் எல்லோரும் செய்யும் தவறு முதல் ஓட்டத்தில் பறப்பது. நீச்சலுக்காகத் தேக்கி வைத்த பதற்றம் முழுக்கக் காலில் இறங்கும், பக்கத்தில் ஓடுபவரும் அதே பதற்றத்தில் இருப்பார். உங்கள் வழக்கமான 10 கிலோமீட்டர் வேகத்தைவிடக் கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து நொடி மெதுவாகவே அந்த முதல் 5 கிலோமீட்டரை ஓடுங்கள். அங்கே இழக்கும் ஒரு நிமிடத்தைக் கடைசி ஓட்டத்தில் மூன்று நிமிடமாகத் திரும்ப எடுக்கலாம். நீச்சலை முழுதாக எடுத்துவிட்டு ஒவ்வொருவராகச் சைக்கிளில் அனுப்பும் போட்டிகளும் உண்டு. அங்கே ஆபத்து வேறு. உடல் சூடேறாமல், ஈரத்தில் நின்று விறைத்துப்போய், ஏறியதும் மிதிப்பீர்கள். வரிசையில் நிற்கும்போதே நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருங்கள். நீச்சலைப் பாதியாகக் குறைத்தால் நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் டிரான்சிஷன் இடத்துக்கு ஒரே நேரத்தில் கூட்டம் வரும், சாலையிலும் சைக்கிள்கள் நெருக்கமாக இருக்கும். முன்னால் போகிறவரின் பின்காற்றில் ஒட்டிக்கொண்டு போனதாக அபராத நிமிடம் வாங்குபவர்கள் இப்படிப்பட்ட நாட்களில்தான் அதிகம்.

ஈரச் சாலையில் சைக்கிள் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், எலும்பு முறிவது அங்கேதான். டயரில் வழக்கமாக வைக்கும் காற்றைவிட ஐந்து முதல் பத்து பிஎஸ்ஐ குறையுங்கள். வளைவுக்குள் போய்ப் பிரேக் பிடிக்காதீர்கள். நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் பிரேக்கை விட்டுத் திரும்புங்கள். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் சக்கரத்தின் முதல் ஒன்றிரண்டு சுற்று தண்ணீரைத் துடைப்பதிலேயே போய்விடும், அதனால் முன்கூட்டியே லேசாகத் தொட்டுவையுங்கள். சாலையில் பூசிய வெள்ளைக்கோடு, வேகத்தடையின் மஞ்சள் பட்டை, சாக்கடை மூடியின் இரும்பு மூன்றும் மழையில் சோப்புத் தேய்த்த மாதிரி. அவற்றின் மேல் போயே ஆக வேண்டும் என்றால் ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக் தொடாமல், நேராகக் கடந்துவிடுங்கள். நெடுநாள் கழித்துப் பெய்யும் மழையின் முதல் அரைமணி நேரம் இன்னும் மோசம், சாலையில் படிந்த எண்ணெய் மேலே மிதக்கும். பக்கக்காற்று அடித்தால் முன்னால் நீண்டிருக்கும் ஏரோ பாரில் முழங்கை ஊன்றிப் படுக்காமல் கையைப் பிரேக் அருகே வைத்துக்கொள்ளுங்கள். நேரம் போகட்டும்.

சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான் மழை நாளில் மனதை நிலையாக வைக்கும். ஹெல்மெட்டை மல்லாக்க வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது அதில் ஒரு கோப்பைத் தண்ணீர் இருக்கும், கவிழ்த்து வையுங்கள். சைக்கிளில் மாட்டிய ஷூவுக்கு மேல் பால் கவரோ பிளாஸ்டிக் பையோ போட்டு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். ஓடுவதற்கான சாக்ஸை ஜிப் பையில் வையுங்கள். குளிர் நாட்டில் ஒரு மழைப் போட்டியில் என் பக்கத்து ரேக்கில் ஒருவர் நின்றிருந்தார். சைக்கிளை முடித்து வந்தவர், விரல் விறைத்துப்போய் ஹெல்மெட் கொக்கியைத் திறக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பார்க்கிறார், பல்லால் முடியுமா என்று பார்க்கிறார், இரண்டு நிமிடத்துக்கு மேல் போயிற்று. உதடு நீலமாகியிருந்தது, பேச்சு குழறியது. மருத்துவக் குழுவை நான்தான் கூப்பிட்டேன். நம் ஊர் வெப்பத்துக்குப் பழகியவர்கள் இதை வெளிநாட்டுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒல்லியான உடலில், நனைந்த துணியோடு, மணிக்கு முப்பது கிலோமீட்டர் காற்றை வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் நம் ஊர் மழையிலும் நடுக்கம் வரும். நடுக்கம் நிற்காவிட்டால், விரல் சொன்னபடி கேட்காவிட்டால், இறங்கிவிடுங்கள். மழையில் தாகம் தெரியாது என்பதால் குடிப்பதையும் சாப்பிடுவதையும் பலர் விட்டுவிடுவார்கள். கடிகாரத்தைப் பார்த்துக் குடியுங்கள்.

நீச்சல் ரத்தாகாமல் அலையோடு நடக்கும் நாளுக்கும் தயாராக வேண்டும், நீச்சல் குளத்தில் மட்டும் பழகியவர்கள் தடுமாறுவது அங்கேதான். இரண்டு பக்கமும் மூச்செடுக்கப் பழகுங்கள், அலை வலமிருந்து வந்தால் இடப்பக்கம் மூச்சு. மிதவையைத் தேடித் தலை தூக்குவதை அலை உங்களை உயர்த்தும் நொடியில் செய்யுங்கள், பள்ளத்தில் தூக்கினால் தண்ணீர்ச் சுவர்தான் தெரியும். தொடங்கும் முன் முகத்தையும் கழுத்தையும் நனைத்து ஒரு நிமிடம் மூச்சைச் சீராக விட்டுப் பாருங்கள். நெஞ்சில் வலியோ, வழக்கமில்லாத மூச்சு முட்டலோ பயிற்சியில் ஒரு முறை வந்திருந்தாலும் போட்டிக்கு முன் இதய மருத்துவரைப் பாருங்கள், அதற்கு என் அனுபவம் போதாது. கரையில் நின்று "இன்று என்னால் இதில் நீந்த முடியாது" என்று தோன்றினால், மைக் என்ன சொன்னாலும் இறங்காதீர்கள். அமைப்பாளர் அனுமதித்தார் என்பது உங்களுக்கான கட்டளை கிடையாது.

அதே போட்டிக்கு மறுபடி பதிவு செய்யலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். வானிலையால் மாற்றினாலோ ரத்து செய்தாலோ கட்டணம் திரும்புமா, அடுத்த வருடத்துக்கு மாற்றித் தருவார்களா என்ற வரி விதிமுறையில் இருக்கும், பெரும்பாலும் திரும்பாது. இரண்டாவது விஷயம், போட்டி நடக்கும் மாதம். தமிழகக் கடற்கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அந்த மாதங்களில் கடல் நீச்சலை நம்பிப் பயணச்சீட்டு எடுக்க நான் சொல்ல மாட்டேன். பிப்ரவரி, மார்ச் பரவாயில்லை. அதற்குள் ஒரு காற்றில்லாத காலையில், கடலையோ ஏரியையோ நன்றாகத் தெரிந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, இடுப்பில் மிதவைப் பை கட்டிக்கொண்டு, அந்த 1.5 கிலோமீட்டரை நீந்திவிட்டு வாருங்கள். நேரம் எடுக்க வேண்டாம்.